போனைப் பறிக்கிறதா, விடுறதா? மனநல கிளினிக்குக்குப் போகிறவர்களும் பேஸ்புக், டிக்டொக்கும்

கடலோரம் (கேள்வி)

வணக்கம். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் நடக்கிற பராமரிப்பாளர் கூட்டம் ஒன்றுக்கு ஒரு பக்கத்தில் துண்டுத்தாள் எழுத வேண்டும். வருகிறவர்கள் வீட்டில் மனச்சிதைவு அல்லது பைபோலார் (மனநிலை மாறி மாறி மிக ஏறியும் இறங்கியும் போகும் நோய்) உள்ள ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார், மனைவிமார், சகோதரங்கள். குளிசை, மாத ஊசி, கிளினிக் திகதி எல்லாம் அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக வந்து நிற்கிற கேள்வி போன்தான்.

இரவு மூன்று மணிவரை போன் பார்க்கிறவரிடம் அதைப் பறிக்கலாமா? முன்னர் "டிவியில என்னைப் பற்றித்தான் சொல்லுறாங்கள்" என்றவர் இப்போது "டிக்டொக்கில எனக்கெண்டே வீடியோ போடுறாங்கள்" என்கிறார்; அதற்கு வீட்டுக்காரர் என்ன பதில் சொல்ல வேண்டும்? போனுக்குள் எதை மாற்றி வைத்தால் உண்மையிலேயே பிரயோசனம்? அநேகமானோரிடம் இருப்பது மலிவு விலை அண்ட்ரொய்ட். கடைசியாக, சுகமில்லாத நேரத்தில் போட்ட பதிவுகளை எப்படிக் கையாளுவது?

"போன் பாவிப்பதைக் குறையுங்கள்" என்கிற வகை அறிவுரை வேண்டாம். அதை எல்லா இடத்திலும் எழுதியாகிவிட்டது.

---

கிளினிக் கொப்பி

பறிப்பதா என்ற கேள்விக்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: அடுத்த நாள் அவர் எப்படி இருக்கிறார்?

இரவு மூன்று மணிவரை போன் பார்த்துவிட்டு மறுநாள் பதினொரு மணிவரை எழும்பாமல், எழும்பினாலும் சோர்ந்து கிடந்தால் அது நித்திரை நேரம் பின்னுக்குத் தள்ளுப்பட்டது. தொந்தரவுதான், அவசரம் இல்லை. இரவில் மூன்றே மணித்தியாலம் படுத்துவிட்டுக் காலையில் துள்ளி எழும்பி, களைப்பே இல்லாமல் நிறையக் கதைத்து, புதிய புதிய திட்டம் போட்டால் அது வேறு சங்கதி. பைபோலார் உள்ளவரிடம் இப்படித் தொடர்ந்து இரண்டு இரவு கண்டால் கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் வார்டிலோ கிளினிக்கிலோ சொல்ல வேண்டும். பைபோலாரில் நித்திரைக் குறைவு மேனியா (மனம் கட்டுமீறி ஏறும் கட்டம்) வருவதன் அடையாளமாகவும் இருக்கும், அதைக் கொண்டுவருகிற காரணமாகவும் இருக்கும். ஆகவே போன்தான் நித்திரையைக் கெடுத்ததா, கெட்ட நித்திரைதான் போனை எடுக்க வைத்ததா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. இரண்டுக்கும் செய்யும் வேலை ஒன்று: இரவைக் காப்பாற்றுவது.

இரவு வெளிச்சமும் சின்ன விஷயம் இல்லை. 2016இல் நோர்வேயிலிருந்து வெளியான ஒரு சிறிய பரிசோதனையில், மேனியாவோடு வார்டில் இருந்தவர்களுக்கு மருந்தோடு சேர்த்து மாலை 6 மணி முதல் காலை 8 மணிவரை நீல ஒளியைத் தடுக்கும் செம்மஞ்சள் கண்ணாடி போட்டார்கள். ஏழு நாளில் மற்றக் குழுவை விட நல்ல வித்தியாசம் தெரிந்தது. அதற்காகப் போனில் திரையை மஞ்சளாக்கும் "நைட் லைட்" போட்டால் போதும் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் மறைத்தது அறை விளக்கு உட்பட எல்லா நீல ஒளியையும். போனில் வெளிச்சத்தை விடப் பெரிய பிரச்சினை உள்ளடக்கம். வாக்குவாதம், லைவ், அரசியல் சண்டை, காதல் மெசேஜ். மஞ்சள் திரையில் சண்டை பிடித்தாலும் சண்டை சண்டைதான்.

மருந்து நேரத்தையும் துண்டுத்தாளில் போடுங்கள். ஒலான்சபீன், குவெற்றியபீன், குளோசபீன் போன்றவை போட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் கண் சொக்கும். அந்தக் கட்டத்தில் ரீல்ஸ் பார்த்து நித்திரையைத் தள்ளிப்போட்டால் அந்த வேளை கடந்துவிடும். பிறகு "மருந்து வேலை செய்யேல்ல" என்பார். வைத்தியர் அளவைக் கூட்டுவார், காலையில் இன்னும் மந்தமாக இருக்கும். மருந்து 8 மணிக்கு என்றால் போன் 8.30க்கு அறையை விட்டு வெளியே போக வேண்டும். நேரத்தை மாற்றுவதென்றால் கிளினிக்கில் கேட்டுவிட்டு.

ஒரு எச்சரிக்கை. எல்லா நீண்ட நேரப் பாவனையும் ஒன்றல்ல. மனச்சிதைவு உள்ள சிலர் காதில் குரல் கேட்கும்போது அதை அடக்குவதற்காகவே நாள் முழுக்க இயர்போனில் பாட்டுக் கேட்பார்கள். அது அவர்களாகக் கண்டுபிடித்த கைமருந்து, பலருக்கு வேலையும் செய்கிறது. விசாரிக்காமல் இயர்போனைப் பிடுங்கினால் அன்றைக்கு வீட்டில் பெரிய சத்தம் வரும், காரணமும் விளங்காது. இன்னும் சிலர் கட்டிலில் கிடந்து விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் அதற்குப் பெயர் "போன் பைத்தியம்". உண்மையில் அது அநேகமாக நோயோடு வரும் ஊக்கமின்மை. போனை எடுத்துவிட்டால் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், அவ்வளவுதான். அங்கே எடுப்பதற்கு முன் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். காலையில் அரை மணித்தியாலம் கடற்கரை நடை, கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவது, இப்படிச் சின்னதாக.

---

உவர்மலை

பறிப்பது பற்றி ஒரு மாற்றுக் கருத்து. மேனியா முற்றிய கட்டத்தில், ஒரு நாளைக்கு ஐம்பது பதிவும் கண்டவனுக்கெல்லாம் அழைப்பும் போகும்போது, சில நாளைக்குப் போனை வாங்கி வைக்கத்தான் வேண்டும். சுற்றி வளைத்துக் கதைத்துப் பயன் இல்லை. ஆனால் எப்படி வாங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நடு இரவில், அவர் கையில் இருக்கும்போது, இழுத்துப் பறிப்பதுதான் அடிதடியில் முடிகிற வழி. சுகமாக இருக்கும் காலத்திலேயே ஒரு கடதாசியில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும்: எந்த அடையாளங்கள் தெரிந்தால், யார் வாங்குவது, எத்தனை நாளைக்கு, பதிலுக்கு என்ன கொடுப்பது. "யார்" என்பதற்கு அப்பா, அண்ணன் பெயரை அவசரப்பட்டு எழுதாதீர்கள். அவரே தெரிவு செய்யட்டும். பல வீடுகளில் ஒரு சின்னம்மாவோ நண்பனோதான் சரியான ஆளாக இருப்பார். நாள் எண்ணிக்கை கட்டாயம். "சுகமாகும்வரை" என்று எழுதினால் அவர் காதில் அது "ஒருநாளும் இல்லை" என்றுதான் விழும். 7 நாள் என்று எழுதி, ஏழாம் நாள் திரும்பக் கொடுங்கள் அல்லது வைத்தியர் முன்னிலையில் நீட்டுங்கள்.

பதிலுக்குக் கொடுக்க வேண்டியது ஒரு பட்டன் போன், அவருடைய அதே சிம்மோடு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அழைக்க முடியாத ஆளாக ஆக்கிவிடக் கூடாது. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். 1990 அம்புலன்ஸ். இரண்டுக்கும் டேட்டா தேவையில்லை, இரண்டையும் பட்டன் போனில் பதிந்து கொடுங்கள்.

அதைவிட முக்கியம்: ஒளித்துக் கண்காணிக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் போனில் செயலி போடுவது, போலிக் கணக்கில் நண்பராகச் சேருவது, தூங்கும்போது விரல் ரேகை வைத்துத் திறப்பது எல்லாம் வழக்கமாக நடக்கிறது. "என்னைப் பின்தொடருறாங்கள்" என்று நம்புகிற ஒருவரை உண்மையாகவே பின்தொடர்ந்தால், பிடிபடுகிற நாளில் அவர் சொன்னது சரியாகிவிடும். அதற்குப் பிறகு மருந்தைக்கூட உங்கள் கையால் வாங்க மாட்டார்.

---

தட்டுத்திரை

போன் செட்டிங்ஸ் பக்கம் நான் சொல்லுறன். முதல்ல டேட்டா. ஆரும் கவனிக்காத இடம் இது.

இங்க விக்கிற சில டேட்டா பொதிகளில மொத்த அளவில பெரிய பங்கு "நைட் டைம்". நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு விடிய மட்டுந்தான் அது ஓடும். கையில காசு குறைஞ்ச ஆள் என்ன செய்வார்? பகல் டேட்டா முடிஞ்சதும் 12 மணிக்கு அலாரம் வைச்சு எழும்பிப் படம் பார்ப்பார். நோயும் இல்லை, அடிமையும் இல்லை, சிக்கனம்! ரீலோட் போடுறது அநேகமா வீட்டுக்காரர்தானே. அளவு குறைஞ்சாலும் பரவாயில்லை, எந்த நேரமும் ஓடுற "எனி டைம்" மட்டும் உள்ள பொதியாப் போட்டு விடுங்கோ. இந்த ஒரு மாற்றத்துக்குச் சண்டையும் தேவையில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை.

அடுத்தது "டிஜிட்டல் வெல்பீயிங்". செட்டிங்ஸுக்குள்ள இருக்கும். எல்லாரும் போய் "ஆப் டைமர்" போடுவினம்: டிக்டொக்குக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். அதில ஒரு ஓட்டை இருக்கு. அந்தக் கணக்கு நள்ளிரவு 12க்குப் புதுசாத் தொடங்கும். இரவு 11க்கு முடிஞ்ச ஆளுக்கு 12 அடிச்சதும் இன்னொரு முழு மணித்தியாலம் இனாம். நித்திரைக்காகப் போட்ட பூட்டு நித்திரை நேரத்திலதான் திறக்குது. "பெட்டைம் மோட்" திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும், சத்தத்தை நிப்பாட்டும், செயலியைத் தடுக்காது. தடுக்கிறது "ஃபோகஸ் மோட்". அதுக்குள்ள பேஸ்புக், டிக்டொக், யூடியூப் மூண்டையும் தெரிஞ்சு, ஷெட்யூலில இரவு 9.30 முதல் காலை 6.30 எண்டு வையுங்கோ. "டேக் எ பிரேக்" எண்டு ஒரு பொத்தானால சில நிமிஷம் திறக்கலாம், திறக்கட்டும். முழுசா அடைச்சால் மனிசர் வேற போன் தேடுவினம். சில மாடல்களில இதுகளின்ர பெயரும் இடமும் கொஞ்சம் மாறி இருக்கும்.

வீட்டில ரவுட்டர் இருந்தால் 10 மணிக்கு நிப்பாட்டுறதும் நல்லது, ஆனா சிம்மில டேட்டா இருந்தால் அது சும்மா சடங்குதான்.

போனைக் குசினியில சார்ஜ் போடுங்கோ. "அலாரத்துக்குத் தேவை" எண்டு சொல்லுவார், ஆகவே முதலே ஒரு அலாரம் மணிக்கூடு வாங்கி வையுங்கோ. வீட்டில மற்ற எல்லாற்ற போனும் அங்கதான் படுக்க வேணும். அவற்ற போன் மட்டும் எண்டால் அது தண்டனை.

வட்ஸ்அப்பில நாலு விஷயம். பிரைவசிக்குள்ள ரீட் ரிசீப்ற்ஸை நிப்பாட்டுங்கோ. நீலச் சரி வந்தும் பதில் வராட்டி "பார்த்திட்டு வேணுமெண்டே விடுறாங்கள்" எண்ட யோசினை வளராது. குழுக்களில அதை நிப்பாட்ட ஏலாது எண்டதையும் சொல்லி வையுங்கோ. லாஸ்ட் சீன் நிப்பாட்டுங்கோ. குழுவில சேர்க்கிற உரிமையை "மை கொன்டக்ற்ஸ்" ஆக்குங்கோ. தெரியாத எண்களைச் சத்தமில்லாமல் ஆக்கிற "சைலன்ஸ் அன்னோன் கோலர்ஸ்" ஐப் போடுங்கோ. ஆனா ஆஸ்பத்திரியில இருந்து வட்ஸ்அப்பில எடுப்பினம் எண்டால் அந்த எண்ணைச் சேமிச்சு வைக்காட்டி அதுவும் அடங்கிப்போகும்.

---

வெண்சங்கு

இரண்டாவது கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் வரவில்லை, அதுதான் இதில் கடினமானது.

ஒவ்வொரு காலத்திலும் மருட்சி (நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது) அந்தக் காலத்துக் கருவியை எடுத்துக்கொள்ளும். 1919இல் வியன்னாவில் விக்டர் டவுஸ்க் என்பவர், தங்களை ஒரு இயந்திரம் தூரத்திலிருந்து இயக்குவதாக நம்பிய நோயாளிகளைப் பற்றி எழுதினார். பிறகு வானொலி, தொலைக்காட்சி, செய்மதி. இப்போது டிக்டொக். ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருக்கிறது. வானொலிக்காரர் யாரையும் தனியாக நினைத்துச் செய்தி வாசிக்கவில்லை. டிக்டொக்கின் "ஃபோர் யூ" உண்மையாகவே அந்த ஆளுக்கென்று தெரிவு செய்ததுதான், அதன் பெயரே அப்படித்தான். ஆகவே "அப்படி ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் ஒரே வீடியோதான்" என்று வீட்டுக்காரர் சொன்னால் அது பிழையான தகவல். அவர் பக்கத்து வீட்டுப் போனை வாங்கிப் பார்த்தால் அங்கே வேறு வீடியோ ஓடும். நீங்கள் பொய்யர் ஆகிவிடுவீர்கள்.

சரியாகச் சொல்வது இப்படி: எந்த வீடியோவில் எத்தனை விநாடி நின்றோம் என்று கணினி எண்ணுகிறது, நின்றதைப் போல இன்னும் பத்துத் தருகிறது, எங்களைத் தெரிந்த மனிதர் ஒருவரும் அதற்குப் பின்னால் இருந்து அனுப்பவில்லை. பயத்தோடு ஒரு வீடியோவை மூன்று தரம் திருப்பிப் பார்த்தால் அதைப் பிடித்தது என்று எடுத்துக்கொண்டு அதே மாதிரி அனுப்பும். இதனால்தான் சந்தேகம் தொடங்கிய ஒருவருக்கு ஓரிரு நாளில் திரை முழுக்கச் சூனியம், உளவு, துரோகம், உலக அழிவு என்று வந்து நிற்கிறது. பேஸ்புக் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று ஒரு முகத்தைக் காட்டுவதும் இதே வகைதான். போனில் உள்ள எண்களை ஏற்றிவிட்டதால், பொது நண்பர்களால், இப்படி வருகிறது. எண்களை ஏற்றும் அமைப்பை நிறுத்தினால் குறையும்.

இந்த விளக்கம் வேலை செய்வது சந்தேகம் இன்னும் தளர்வாக இருக்கும்போது, அல்லது சுகமான பிறகு. உறுதியாக நம்பிவிட்டவரிடம் விளக்கப் போகாதீர்கள். ஆதாரம் காட்டுவதும் ஆபத்து. புதிய அண்ட்ரொய்டுகளில் கமராவோ மைக்கோ ஓடும்போது மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும், எந்தச் செயலி பாவித்தது என்று ஒரு பட்டியலும் இருக்கும். "பார், ஒருத்தரும் ஒட்டுக்கேட்கேல்ல" என்று அதைத் திறந்தால், ஏதோ ஒரு செயலி மைக்கைத் தொட்ட நேரம் அங்கே இருக்கும். அன்றிலிருந்து அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே இருப்பார். கமராவுக்குப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும் என்றால் ஒட்டட்டும், அதில் ஒரு தீங்கும் இல்லை.

அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது சுருக்கம். "உமக்கெண்டே அனுப்புறாங்கள் எண்டு தெரிஞ்சால் பயமாத்தான் இருக்கும். இரவு நித்திரை கொண்டனீரோ? இப்ப இதை மூடிவைச்சிட்டுத் தேத்தண்ணி குடிப்பம்." நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. அடுத்த நாளே கிளினிக்கில் சொல்லுங்கள், என்ன வார்த்தையில் சொன்னார் என்பதோடு.

சற்றுத் தெளிந்த பிறகு அவருக்கு வருகிற வீடியோக்களைத் துப்புரவாக்க வேண்டும். டிக்டொக்கில் செட்டிங்ஸ், கொன்டென்ட் ப்ரெஃபரன்சஸ், "ரிஃப்ரெஷ் யுவர் ஃபோர் யூ ஃபீட்". அது இதுவரை எண்ணி வைத்த விருப்பங்களை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும், பழையதைத் திரும்பப் பெற முடியாது. முதல் இருபது நிமிடம் பக்கத்தில் இருந்து கிரிக்கெட், சமையல், மீன்பிடி, என்ன பிடிக்குமோ அதைத் தேடி முழுதாகப் பாருங்கள். அந்த இருபது நிமிடம்தான் அடுத்த நாட்களைத் தீர்மானிக்கும். யூடியூபில் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவையுங்கள். 2023 ஆகஸ்ட் முதல், ஹிஸ்டரி இல்லாத கணக்கின் முகப்புப் பக்கம் வெறுமையாக வரும், தேடினால்தான் வீடியோ. என் பார்வையில் மருட்சி வந்துபோன ஒருவருக்கு இதைவிட நல்ல அமைப்பு இப்போதைக்கு இல்லை. பேஸ்புக்கில் பயமுறுத்தும் பக்கங்களை "ஸ்னூஸ்" செய்தால் 30 நாளில் திரும்பி வந்துவிடும், அன்ஃபொலோ செய்யுங்கள்.

ஏஐ சட்போட்டோடு இரவிரவாகக் கதைப்பதையும் கவனியுங்கள். கேட்பவர் சொன்னதற்கு ஒத்துப் பாடுகிற பழக்கம் அவற்றுக்கு உண்டு.

---

கடலோரம்

எல்லாருக்கும் நன்றி. நைட் டேட்டா விஷயத்தைத் தலைப்புச் செய்தியாகவே போடலாம் போல இருக்கிறது.

மீதி இரண்டு. ஒன்று, சுகமில்லாத நேரத்தில் போட்ட பதிவு. நம்முடைய ஊரில் மூன்று மொழி, நாலு மதம். ஒரு பதிவு எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மற்றது, கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ரமழான் நோன்பு காலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

---

கிளினிக் கொப்பி

நோன்பைப் பற்றி நான் சொல்கிறேன், பதிவுகளை வேறு யாராவது.

நோன்பில் நித்திரை இரண்டு துண்டாகும். தராவீஹ் (இரவுத் தொழுகை) முடிய நேரமாகும், சஹருக்கு (விடியமுன் சாப்பாட்டுக்கு) எழும்ப வேண்டும், இடையில் உள்ள நேரத்தைப் போன் நிரப்பும். பைபோலார் உள்ளவருக்கு அந்த இடைவெளிதான் ஆபத்து. லிதியம் என்ற பைபோலார் மருந்தை எடுப்பவராக இருந்தால் வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். உடலில் நீர் குறைய இரத்தத்தில் லிதியம் கூடும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றோட்டம், நடை தள்ளாடுவது கண்டால் அடுத்த வேளை லிதியத்தைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி. நோன்பு தொடங்க ஒரு மாதத்துக்கு முன்னரே கிளினிக்கில் கேளுங்கள். நோன்பு பிடிக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை ஒரு மௌலவி சொன்னால் வீட்டில் எடுபடும். சைவர்களுக்கும் இதே சிக்கல் ஒரு இரவில் வரும்: சிவராத்திரி. கோணேசர் கோயிலில் நாலு சாமமும் விழித்திருக்க ஆசைப்படுவார். முதல் சாமப் பூசையோடு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

லிதியம் என்றதும் இன்னொன்று. "உப்பை அடியோடு நிறுத்துங்கள், உடம்பு சுத்தமாகும்" என்கிற வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. லிதியம் எடுப்பவர் உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் அதே நச்சுத்தன்மைதான். "மருந்தை விட்டு நான் சுகமானேன்" வகை வீடியோக்கள் இன்னும் மோசம். குளோசபீனை 48 மணித்தியாலத்துக்கு மேல் விட்டுவிட்டால், பழைய அளவில் திரும்பப் போடக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டும். வீடியோவை நம்பி மூன்று நாள் விட்டுவிட்டு, பயந்து நாலாம் நாள் முழு அளவையும் போடுவதில் இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி விழுந்துவிடலாம். எத்தனை நாள் விட்டார் என்பதை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

---

உவர்மலை

பதிவுகள். மூன்று வகை: மானம் போகிறது, காசு போகிறது, சட்டத்தில் மாட்டுகிறது.

சட்டத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதற்குத்தான் நேரம் குறைவு. இங்கே மத நிந்தனைப் பதிவுகளுக்கு அதிகம் எடுக்கப்படுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம். அதன் 3ஆம் பிரிவில் பிடித்தால் பிணை மேல் நீதிமன்றத்தில்தான். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. மேனியாவிலோ மருட்சியிலோ "நான்தான் கல்கி", "அவர்களின் கடவுள் பொய்" என்று எழுதுவது அபூர்வம் இல்லை. உடனே செய்ய வேண்டியது: திகதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுப்பது, பிறகு பதிவை நீக்குவது, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அந்த ஸ்கிரீன்ஷொட்டை வைத்தியரிடம் காட்டுவது. பதிவிட்ட நாளில் நோய் எந்த நிலையில் இருந்தது என்று கொப்பியில் ஏறியிருப்பதுதான் பின்னால் கைகொடுக்கும். ஒரு மாதம் கழித்து எடுக்கிற கடிதத்துக்கு அந்த வலு இல்லை. பொலிஸ் முறைப்பாடு ஏற்கனவே வந்துவிட்டால் எதையும் அழிக்காமல் முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். "மன்னிப்பு" என்று வீட்டுக்காரர் அவருடைய கணக்கில் எழுதி விளக்கம் கொடுப்பது வேண்டாம், அதற்குக் கீழே இன்னும் ஐந்நூறு கருத்து வரும்.

மானம் போகிற வகைக்கு: பேஸ்புக்கில் "லிமிட் பாஸ்ட் போஸ்ற்ஸ்" என்பதை அழுத்தினால் பகிரங்கமான பழைய பதிவெல்லாம் ஒரேயடியாக நண்பர்களுக்கு மட்டும் ஆகிவிடும். பிறகு அக்டிவிட்டி லொக்கில் அந்தக் கிழமைப் பதிவுகளைத் தெரிந்து "ஆர்கைவ்" செய்யுங்கள். குப்பைக்கூடைக்கு அனுப்பினால் 30 நாளில் முற்றாகப் போய்விடும். ஆர்கைவில் அவர் சுகமான பின் தானே பார்த்து முடிவெடுக்கலாம். அது அவருடைய எழுத்து. வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழிப்பதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். கணக்கையே அழித்துவிட்டேன் என்று அவர் சொன்னால் பதற வேண்டாம், 30 நாளுக்குள் உள்நுழைந்து மீட்கலாம். தற்காலிகமாக நிறுத்திய கணக்கோ ஒரு தரம் உள்நுழைந்தாலே திரும்ப உயிர் பெறும், மெசெஞ்சரைத் தனியாக நிறுத்த வேண்டும்.

அந்தரங்கப் படம் வெளியே போயிருந்தால் "ஸ்டொப் என்சிஐஐ" என்ற இணையத்தளம் உதவும். படத்தை ஏற்றத் தேவையில்லை. போனிலேயே அதன் எண் அடையாளம் மட்டும் எடுக்கப்பட்டுச் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். வயது 18க்கு மேல் இருக்க வேண்டும். யாராவது தெருவில் அவரை வீடியோ எடுத்து டிக்டொக்கில் போட்டிருந்தால், "பாருங்கள் அநியாயத்தை" என்று அந்த லிங்கைப் பகிர வேண்டாம். பகிரப் பகிர அது ஏறும். பகிராமல் அமைதியாக ரிப்போர்ட் செய்யுங்கள்.

காசு: வங்கிச் செயலியின் நாளாந்த எல்லையைச் சுகமான காலத்திலேயே அவரோடு சேர்ந்து குறைத்து வையுங்கள். மேனியாவில் கஷ் ஒன் டெலிவரியில் கண்டபடி ஓடர் போகும்; வாசலில் வாங்காமல் திருப்பி அனுப்பலாம், அதனால்தான் அது கார்ட் போட்டு வாங்குவதை விட ஆபத்துக் குறைவு. டிக்டொக் லைவில் பரிசு அனுப்புவதற்குக் காசு கட்டினால் அது போனதுதான்.

---

தட்டுத்திரை

ஒண்டு விட்டிட்டம். வெளிநாட்டு அழைப்பு. கனடா ரொறன்ரோவில இருக்கிற சகோதரம் வேலை முடிஞ்சு பின்னேரம் 5 மணிக்கு எடுத்தால் இங்க கோடைகால நேரப்படி விடிய 2.30. பாசத்தில எடுக்கிற கோல், நித்திரையைக் கொண்டுபோயிடும். ஞாயிறு இரவு 7 மணி எண்டு பேசி வையுங்கோ: அப்ப லண்டனில பகல் 2.30, ரொறன்ரோவில காலமை 9.30. குளிர்காலத்தில ரெண்டு இடத்திலயும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போகும், அதாவது 1.30, 8.30. இந்தக் கோலை வெட்டச் சொல்லேல்ல. கூட்டாளிமார் எல்லாரும் விலகிப்போன ஆளுக்கு வாரத்தில ஒரு தரம் முகம் பார்த்துக் கதைக்கிறது போனில இருக்கிற ஆகப்பெரிய நன்மை.

---

வெண்சங்கு

நன்மை என்றதும்: 2019இல் நியூயோர்க்கிலிருந்து வந்த ஒரு ஆய்வு, மனச்சிதைவு வகை நோயுள்ள இளையோரின் பேஸ்புக் பதிவுகளை அவர்களுடைய சம்மதத்தோடு பார்த்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு முந்திய மாதத்தில் திட்டு, கோபம், சாவு பற்றிய சொற்கள் கூடியிருந்தன. வேலை, நண்பர், உடல்நலம் பற்றியவை குறைந்திருந்தன. கணினி இல்லாமலே இதை வீட்டில் செய்யலாம், அவருக்குத் தெரிந்தே. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவரே கிழமைக்கு ஒரு தரம் மூன்று வரி எழுதட்டும்: கடைசியாகப் பதிவு போட்ட நேரம் என்ன, யாரையாவது புளொக் செய்தேனா, யாரோடாவது சண்டையா. போன முறை நோய் கூடியபோது முதலில் மாறியது எது என்பதையும் அவரே குறிக்கட்டும். ஒருவர் புரொஃபைல் பெயரை மாற்றுவார், இன்னொருவர் நண்பர்கள் எல்லாரையும் நீக்குவார், வேறொருவர் திடீரென்று ஒன்றுமே போடாமல் அடங்கிவிடுவார். கடைசி வகையைத்தான் "இப்ப நல்லாயிட்டார், போன் பக்கம் போறதில்லை" என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள்.

---

கடலோரம்

அந்தக் கடைசி வரி கூட்டத்தில் பலருக்குத் திடுக்கிடும். சேர்க்கிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது போல. இரண்டு பக்கமாக அச்சடித்து, முன்பக்கத்தில் நித்திரை, நைட் டேட்டா, 1926, 1990 மட்டும் போடுகிறேன். கையெழுத்து வைக்கிற உடன்படிக்கைக்கு உவர்மலை அண்ணா ஒரு மாதிரிப் படிவம் எழுதித் தந்தால் பின்பக்கத்தில் வெட்டி எடுக்கக் கூடியதாகப் போடலாம்.